யூஎஸ்பி எஸ்எஸ்டி உறைந்துபோகிறது: யூஏஎஸ்ஸை அணைத்தால் போதுமா, கர்னலில் திருத்த வேண்டுமா?

பிப்ரவரி 3, இரவு 9:10 · கேள்வி

ராஸ்பெர்ரி பை 4. யூஎஸ்பி 3 பெட்டிக்குள் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, பூட் ஆவதும் அதிலிருந்தே. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு பெரிய கோப்பை நகலெடுத்தால் அரை நிமிடம் எல்லாம் உறைந்து நின்று, பிறகு தானாக ஓடுகிறது. லாகில் யூஏஎஸ் (யூஎஸ்பி வழியாக ஸ்கஸி கட்டளைகளை அனுப்பும் முறை) பெயரில் வரிசையாகப் பிழைகள். வேறொரு இழையில் சொன்னபடி பூட் வரியில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் (குறிப்பிட்ட சாதனத்துக்கு விதிவிலக்கு சொல்லும் பாராமீட்டர்) என்று பெட்டியின் ஐடியோடு, யூஏஎஸ்ஸைத் தவிர்க்கும் ‘யூ’ கொடியைச் சேர்த்தேன், பிழை நின்றுவிட்டது. யூஏஎஸ் டிரைவரே தேறாது என்பது என் முடிவு. கர்னலில் எல்லோருக்குமாக அதை அணைத்தே வைத்தால் என்ன?

பிப்ரவரி 3, இரவு 10:25

‘யூ’ எதையும் சரிசெய்யவில்லை. பழுது இருக்கும் பாதையை விட்டுவிட்டுப் பழைய பாதையில் போகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பழைய பாதையான பல்க்-ஒன்லியில் ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அது முடிந்து பதில் வந்தால்தான் அடுத்தது. யூஏஎஸ்ஸில் கட்டளைக்கு ஒன்று, நிலைக்கு ஒன்று, தரவு வர ஒன்று, போக ஒன்று என நான்கு குழாய்கள். பல கட்டளைகள் ஒரே சமயத்தில் நிற்கலாம், முடிந்த வரிசையில் பதில் வரலாம். யூஎஸ்பி 3-இல் இதற்கு ஸ்ட்ரீம் (ஒரே குழாயில் பல கட்டளைகளின் தரவைப் பிரித்து அனுப்புவது) வசதியும் வேண்டும். எஸ்எஸ்டி வேகம் காட்டுவதே பல கட்டளைகள் ஒன்றாகக் கிடைக்கும்போதுதான். ‘யூ’ போட்டால் சின்னச் சின்ன வாசிப்புகளில் அந்த வேகம் போகும். இன்னொரு இழப்பு டிரிம், அதாவது அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது. யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர் (பழைய பாதையின் டிரைவர்) விபிடி பக்கங்களை (டிஸ்க் தன் திறன்களைச் சொல்லும் தகவல்) கேட்பதையே தவிர்ப்பதால், எஸ்எஸ்டி டிரிம் ஏற்கும் என்பது கர்னலுக்குத் தெரியாமல் போகும். நீங்களாகப் புரோவிஷனிங் மோடை (டிரிம் எந்தக் கட்டளையில் போகும் என்ற அமைப்பை) மாற்றினால்தான் உண்டு.

எல்லோருக்கும் அணைப்பது பற்றி: இந்த டிரைவர் சில காலம் கர்னலிலேயே ‘பிரோக்கன்’ என்று குறிக்கப்பட்டுக் கிடந்தது. ஹான்ஸ் டி கோய்டே அதைச் செப்பனிட்ட பிறகு 2014-இல் 3.15-இல் திரும்ப வந்தது. அதன் பிறகு வந்த புகார்களில் பெரும்பகுதி பெட்டிக்குள் யூஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப்பைப் பற்றியது. ஒரு சிப்பின் குறைக்கு மற்ற எல்லாச் சிப்பையும் தண்டிக்க வேண்டாம் என்பதால்தான் விதிவிலக்குப் பட்டியல் என்ற ஏற்பாடே இருக்கிறது. உங்கள் பெட்டிக்கு அதில் எந்த வரி சரி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கட்டளைகளையும் கொடிகளையும் உச்சரிப்பில்தான் எழுதுகிறேன், தட்டும்போது சின்ன எழுத்து. ‘டீ’ என்றால் டேபிளின் முதல் எழுத்து, ‘டி’ என்றால் டாலரின் முதல் எழுத்து. இரண்டும் வேறு கொடிகள்.

பிப்ரவரி 4, காலை 7:40

கர்னலைத் தொடுவதற்கு முன் மின்சாரம். பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். எஸ்எஸ்டி எழுதும்போது இழுக்கும் உச்ச மின்னோட்டத்தில் வோல்டேஜ் ஒரு நொடி தாழ்ந்தாலும் பிரிட்ஜ் சிப் ரீசெட் ஆகும். லாகில் அதுவும் யூஏஎஸ் பிழையாகத்தான் தெரியும். ‘யூ’ போட்டதும் வேகம் குறைகிறது, இழுவையும் குறைகிறது, பிழை நின்றதுபோல் இருக்கிறது. டிரைவர்தான் காரணம் என்று தவறாக முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விசிஜென்சிஎம்டி கெட்_திராட்டில்டு ஓட்டுங்கள். 0 வந்தால் நல்லது. 0எக்ஸ்50005 என்றால் வோல்டேஜ் இப்போதும் தாழ்ந்திருக்கிறது, முன்பும் தாழ்ந்தது. 0எக்ஸ்50000 என்றால் பூட் ஆனபின் எப்போதோ தாழ்ந்தது. இரண்டிலும் மேலே போக வேண்டாம். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக மாட்டி மறுபடி பாருங்கள்.

அடுத்து கேபிள். எல்எஸ்யூஎஸ்பி -டீ மர வடிவில் காட்டும். பெட்டியின் வரியில் டிரைவர்=யூஏஎஸ், 5000எம் என்று இருக்க வேண்டும். 480எம் என்றால் இணைப்பு யூஎஸ்பி 2-க்கு இறங்கிவிட்டது. கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டிப் பார்த்து ‘அங்கே பிழை இல்லை’ என்று சொல்வதில் பயன் குறைவு, ஏனென்றால் அங்கே யூஏஎஸ் ஸ்ட்ரீம் இல்லாமல் வேறு முறையில் ஓடுகிறது.

மூன்றாவது, அதே பெட்டியை அதே கேபிளோடு இன்டெல் கன்ட்ரோலர் உள்ள மேசைக் கணினியில் லினக்ஸில் மாட்டுங்கள். பை 4-இல் யூஎஸ்பி 3 வருவது விஎல்805 என்ற தனிச் சிப் வழியாக. அதற்கென்று ஃபர்ம்வேரும் உண்டு. ஆர்பிஐ-ஈப்ராம்-அப்டேட் ஓட்டினால் பூட்லோடருக்கு ஒரு பகுதியும் விஎல்805-க்கு ஒரு பகுதியும் காட்டும், இரண்டும் புதியதாக இருக்கட்டும். பிழை இரண்டு கணினியிலும் வந்தால் பெட்டி, பையில் மட்டும் வந்தால் கன்ட்ரோலர் பக்கம்.

பிப்ரவரி 4, காலை 8:05

விட்டுப்போன ஒன்று. சோதனைக்கு முன் பேக்கப். பூட் டிஸ்க்கிலேயே சோதிக்க வேண்டாம். எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்து, எஸ்எஸ்டியை இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 11:00

லாகைப் படிக்கும் முறை.

யூஏஎஸ்_ஈஎச்_அபார்ட்_ஹேண்ட்லர் என்ற வரிகள் டஜன் கணக்கில் வரும். பயப்பட வேண்டாம். ஒரு கட்டளை மாட்டிக்கொண்டால் வரிசையில் நின்ற எல்லாக் கட்டளைக்கும் ஒவ்வொரு வரி. முக்கியமானது முதலில் மாட்டியது எது என்பது. அந்த வரிக்குக் கீழே சிடிபி என்று கட்டளையின் பெயரும் எண்ணும் இருக்கும்.

ரைட்(10), அதாவது 2ஏ-யில் தொடங்கினால் சாதாரண எழுதும் கட்டளையே மாட்டுகிறது: வரிசை ஆழமா (ஒரே சமயத்தில் நிற்கும் கட்டளைகளின் எண்ணிக்கை), தரவின் அளவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஏ3, 0சி என்றால் ‘எந்தெந்தக் கட்டளை தெரியும்’ என்று கர்னல் கேட்டதற்கே சிப் திணறுகிறது, பெரும்பாலும் மாட்டிய உடனே வரும். கொடி ‘எஃப்’. 85 அல்லது ஏ1 என்றால் ஏடிஏ பாஸ்-துரூ. ஸ்மார்ட் தகவல் (டிஸ்க்கின் நலம் பற்றியது) கேட்கும் நிரல்தான் அனுப்பியிருக்கும். கொடி ‘டீ’. அரை மணிக்கு ஒருமுறை கடிகாரம் போல உறைகிறது என்று புகார் வந்தால் முதலில் பின்னணியில் அதைக் கேட்கும் ஸ்மார்ட்டி நிரலை நிறுத்திப் பாருங்கள், அதன் இயல்பு இடைவெளி 1800 நொடி. 42 என்றால் அன்மேப், டிரிம் ஓடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

நீங்கள் சொன்ன அரை நிமிடத்துக்கும் காரணம் இருக்கிறது. ஸ்கஸி டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் இயல்பாக 30 நொடி. சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 10 எழுதிவிட்டுச் சோதியுங்கள். உறைவதும் 10 நொடியாகக் குறைந்தால், அந்தக் கட்டளைக்குச் சிப் பதிலே தரவில்லை என்று பொருள். 30-ஐ 120 ஆக்கச் சொல்லும் அறிவுரையும் உலவுகிறது. பதில் வராத கட்டளைக்கு நான்கு மடங்கு நேரம் காத்திருப்பதால் எதுவும் மாறாது.

பிப்ரவரி 5, காலை 6:50

பழுதை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். ‘இரண்டு நாளாக வரவில்லை’ என்பது சான்று ஆகாது.

எஃப்ஐஓ நிரல் போதும். டிஸ்க்கை நேரடியாகத் தொடாமல், அதில் 4 ஜிபி கோப்பு ஒன்றின் மீது ஓட்டுங்கள். டைரக்ட்=1, ஐஓஎன்ஜின் லிப்ஏஐஓ. மூன்று ஓட்டம்:

முதல் ஓட்டம் 4 கேபி, தாறுமாறான வாசிப்பும் எழுத்தும், ஐஓடெப்த் (வரிசை ஆழம்) 1. இரண்டாவது அதே 4 கேபி, ஐஓடெப்த் 32. மூன்றாவது 1 எம்பி, தொடர் எழுத்து, ஐஓடெப்த் 1. ஒவ்வொன்றும் குறைந்தது 20 நிமிடம் ஓடட்டும், பக்கத்தில் டிமெஸேஜ் -டபிள்யூ திறந்திருக்கட்டும்.

இரண்டாவதில் மட்டும் விழுந்தால் வரிசை ஆழம். மூன்றாவதில் விழுந்தால் ஒரே கட்டளையில் போகும் தரவின் அளவு. முதலாவதிலேயே விழுந்தால் மறுபடி மின்சாரத்தையும் கேபிளையும் பாருங்கள். டிடி நிரலை ஓட்டி ‘சரியாக இருக்கிறது’ என்று முடிக்க வேண்டாம், டைரக்ட் முறையில் அது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்பும், ஆழமான வரிசை உருவாகாது.

பிப்ரவரி 5, இரவு 9:30 · கேள்வி கேட்டவர்

திராட்டில்டு 0. மேசைக் கணினியிலும் அதே பிழை. மாட்டுவது ரைட்(10). முதல் இரண்டு ஓட்டமும் சுத்தம், மூன்றாவதில் இரண்டு நிமிடத்துக்குள் விழுகிறது.

பிப்ரவரி 5, இரவு 9:55

தெளிவான முடிவு. உங்களுக்கு வேண்டியது ‘யூ’ அல்ல, ‘ஜி’யாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கட்டளைக்கு 240 செக்டாருக்கு மேல் அனுப்பாதே என்பது அதன் பொருள். 240 × 512 பைட் = 122880, அதாவது 120 கேபி.

பெட்டியைக் கழற்றாமலே சோதிக்கலாம். சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/கியூ/மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபி கோப்பில் இப்போது என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, 120 எழுதி, மூன்றாவது ஓட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். நின்றால் 256, 512 என்று ஏற்றி எந்த அளவில் உடைகிறது என்று பாருங்கள். அந்த எண் பின்னால் பேட்ச்சின் (கர்னலுக்கு அனுப்பும் திருத்தம்) விளக்கத்தில் தேவைப்படும்.

பிப்ரவரி 6, மதியம் 1:15

120-இல் பிழை நின்றுவிட்டது, 512-இல் திரும்ப வருகிறது என்று கேள்வி கேட்டவர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். இனி கொடியை நிலையாக வைக்கும் விதம். இதில் வலைத்தளங்களில் கிடைக்கும் குறிப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன.

ஓடும் கர்னலில்: சிஸ்/மாட்யூல்/யூஎஸ்பி_ஸ்டோரேஜ்/பாராமீட்டர்ஸ்/குவர்க்ஸ் கோப்பில் வெண்டர்:பிராடக்ட்:ஜி என்று எழுதி, பெட்டியைக் கழற்றி மாட்டுங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பதற்குப் பொருந்தாது. பையில் நிலையாக வைக்க சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி, ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பு முதல் பூட்/ஃபர்ம்வேர் அடைவுக்குள், அதற்கு முன்பு பூட் அடைவிலேயே. முழுக் கோப்பும் ஒரே வரி. என்டர் தட்டிப் புது வரியில் எழுதினால் அந்தப் பகுதி போய்ச் சேராது. மேசைக் கணினியில் மாட்ப்ரோப்.டி அடைவில் எழுதினால், டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தே (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுதி) ஏறிவிட்டிருக்கும், உங்கள் கோப்பை யாரும் படித்திருக்க மாட்டார்கள். டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, ஃபெடோராவில் டிராகட் -எஃப் ஓட்டிய பிறகே பலிக்கும். டிரைவர் கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் பூட் வரி மட்டுமே வழி.

மிக முக்கியமானது: இங்கே நீங்கள் எழுதும் கொடிகள் கர்னலின் பட்டியலில் இருப்பதோடு சேராது, அதை மாற்றிவிடும். பட்டியலில் ஒரு பெட்டிக்கு ‘டீ’ இருந்து, நீங்கள் ‘ஜி’ மட்டும் எழுதினால் ‘டீ’ போய்விடும். ஒரு பிழை நின்று வேறொன்று தொடங்கும். இரண்டும் வேண்டுமென்றால் ‘டீஜி’ என்று இரண்டையும் எழுதுங்கள். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: மூன்றாம் இடத்தைக் காலியாக விட்டால் பட்டியலின் கொடிகள் கழன்றுவிடும், பழைய விதிவிலக்கு இன்னும் தேவையா என்று சோதிக்க எளிய வழி.

பிப்ரவரி 6, மதியம் 1:40

இதைச் சேர்த்துப் படியுங்கள். யூஎஸ்பிகோர்.குவர்க்ஸ் என்று வேறொரு பாராமீட்டர் இருக்கிறது. எழுதும் வடிவம் ஒன்றே, எழுத்துகளின் பொருள் வேறு. அங்கே ‘ஜி’ என்றால் தொடங்கும்போது தாமதம், ‘கே’ என்றால் இணைப்பின் மின்சேமிப்பான எல்பிஎம் வேண்டாம். நடத்தையும் வேறு: அங்கே ஒவ்வொரு எழுத்தும் இருக்கும் கொடியைப் புரட்டும், இல்லாததைப் போடும், இருப்பதை எடுக்கும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிப்ரவரி 7, இரவு 10:10

‘அப்படியானால் கர்னல் அப்டேட் ஏன் இதைக் கிளப்பியது? யூஏஎஸ்ஸில் யாரோ எதையோ மாற்றியிருக்க வேண்டுமே’ என்ற கேள்விக்கு.

மாற்றம் யூஏஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கட்டளையில் எவ்வளவு அனுப்பலாம் என்பதை, டிஸ்க் டிரைவர்களுக்கு மேலே இருக்கும் கர்னலின் பிளாக் அடுக்கும் தீர்மானிக்கிறது. 3.19-இல் அந்த அடுக்கின் செயற்கை உச்சவரம்பை எடுத்தார்கள். தொடர் வாசிப்பு, எழுத்து வேலைகளில் வேகம் விழுந்தது, குறைந்தது ஒரு டிஸ்க்கில் தரவுச் சிதைவும் வெளிப்பட்டது. அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டு, 2015-இல் இயல்பு அளவு 2560 செக்டார், அதாவது 1280 கேபி என்று வைக்கப்பட்டது. அந்த டிஸ்க்கின் டிரைவரில் யாரும் கைவைக்கவில்லை. மேலே ஒரு எண் மாறியதும் கீழே எப்போதும் இருந்த பலவீனம் வெளியே வந்தது.

அதனால்தான் பைசெக்ட் (நல்ல கர்னலுக்கும் கெட்ட கர்னலுக்கும் இடையே பாதி பாதியாகப் பிரித்துக் காரணமான மாற்றத்தைத் தேடுவது) செய்யும்போது ‘டிரைவர்ஸ்/யூஎஸ்பி மட்டும்’ என்று அடைவைக் குறுக்காதீர்கள் என்கிறேன். படிகள் குறையும், ஆனால் குற்றவாளி வெளியே இருந்தால் கிட் ஏதோ ஒரு அப்பாவிக் கமிட்டை (பதிவான ஒரு மாற்றம்) நம்பிக்கையோடு காட்டும்.

கணக்கு இப்படி. இரண்டு பெரிய வெளியீடுகளுக்கு இடையே 14,000 கமிட் என்றால் ஏறக்குறைய 14 படி. ஸ்டேபிள் கிளைக்குள்ளேயே (வெளியான கர்னலுக்குத் திருத்தங்கள் மட்டும் சேரும் கிளை) உடைந்திருந்தால் சில நூறு கமிட், 8 அல்லது 9 படி. ஆகவே முதலில் தயாராகக் கிடைக்கும் கர்னல் தொகுப்புகளை மாற்றி மாற்றிப் பூட் செய்து இடைவெளியைக் குறுக்குங்கள், அதற்குக் கம்பைல் தேவையில்லை.

பையிலேயே கம்பைல் செய்ய வேண்டாம், மேசைக் கணினியில் ஆர்ம்64 குறுக்குக் கம்பைலரில் செய்யுங்கள். எல்லாச் சாதனத்தையும் மாட்டிவைத்து பையில் எல்எஸ்மாட் வெளியீட்டை ஒரு கோப்பில் எடுத்து, எல்எஸ்மாட்= என்று அதைக் காட்டி மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டினால் தேவையான மாட்யூல்கள் மட்டும் மிஞ்சும், நேரம் பல மடங்கு குறையும். மாட்டாத சாதனத்தின் டிரைவர் அதில் இருக்காது, யூஏஎஸ்ஸே விடுபட்டுப்போய் ‘இந்தக் கர்னலில் பிழை இல்லை’ என்று ஆகிவிடக்கூடும். ஒவ்வொரு படியிலும் எல்எஸ்யூஎஸ்பி -டீ பார்த்து டிரைவர்=யூஏஎஸ் என்று உறுதி செய்த பிறகே சோதனை.

பைசெக்ட்டைக் கெடுப்பது தவறான ‘குட்’. ‘பேட்’ என்பதற்கு ஒரு பிழை போதும். ‘குட்’ என்று சொல்ல, பிழை வழக்கமாக வரும் நேரத்தைப்போல் ஐந்து மடங்காவது ஓட்டுங்கள். உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் விழுகிறது என்பதால் பத்து நிமிடம். கம்பைல் ஆகாத கமிட்டுக்கு ‘ஸ்கிப்’, ஊகித்துச் சொல்லாதீர்கள். கிட் பைசெக்ட் லாகைக் கோப்பில் சேமித்துவைத்தால், நடுவில் ஒரு தீர்ப்புச் சந்தேகமானாலும் அந்த வரியிலிருந்து திருத்தி ரீப்ளே செய்யலாம்.

பிப்ரவரி 8, காலை 7:20

பெட்டியின் ஐடியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அவசரமாக எழுதும் பேட்ச்சுகள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வெண்டர், பிராடக்ட் எண் என்பது பெட்டியில் அச்சிட்ட பெயருக்கு உரியது அல்ல, பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிரிட்ஜ் சிப்புக்கு உரியது. ஒரே சிப் நூறு பெயர்களில் விற்கும். அந்த ஐடிக்கு ‘யூ’ என்று ஒரு வரி சேர்த்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எல்லோருடைய வேகமும் அடுத்த அப்டேட்டில் விழும். உங்களுக்குத் திருத்தமாகப் படுவது அவர்களுக்கு ரிக்ரெஷன், அதாவது ஓடியது கெட்டுப்போவது.

ஏஎஸ்மீடியா சிப்புகளுக்காக யூஏஎஸ்-டிடெக்ட்.எச் கோப்பில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், இந்தத் துறையின் பாடமே அதில் இருக்கிறது. ஏஎஸ்எம்1051-இல் யூஏஎஸ் இல்லாததும் உண்டு, உடைந்த யூஏஎஸ் உள்ளதும் உண்டு. ஏஎஸ்எம்1053-இல் யூஏஎஸ் ஓடும், ஆனால் பெரிய அளவுத் தரவில் சிக்கல். ஏஎஸ்எம்1153 நன்றாக ஓடும். இவை ஒரே ஐடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஐடியால் பிரிக்க முடியாததால் வேறு அடையாளம் தேடியிருக்கிறார்கள்: கான்ஃபிகரேஷனில் மேக்ஸ்பவர் 0 என்றால் 1153, 36 என்றால் 105எக்ஸ். அதற்குள் பழைய 1053 காட்டுவது 16 ஸ்ட்ரீம், 1051 காட்டுவது 32. புதிய 1053-உம் 32 காட்டும், ஆனால் அதன் பிராடக்ட் எண் வேறு. இப்படிப் பிரித்த பிறகே 1053-க்கு 240 செக்டார் கட்டுப்பாடு, 1051-க்கு யூஏஎஸ் தடை. எத்தனையோ பேருடைய டிஸ்க்கை அந்தச் சில வரிகள் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு வழி, சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர்ச்சரம். ரியல்டெக் 9210 சிப்பின் ஐடி பல பெட்டிகளில் வருகிறது. ஹிக்செமி எம்டி202 என்ற ஒன்றுக்கு மட்டும் யூஏஎஸ்ஸைத் தவிர்க்க, ஐடியோடு தயாரிப்பாளர், பொருள் பெயர் இரண்டையும் ஒப்பிட்டே தடுக்கிறார்கள்.

உங்கள் பெட்டிக்கு: மாட்டும்போது லாகில் வரும் பிசிடிடிவைஸ் எண்ணைக் குறியுங்கள். அது சிப் ஃபர்ம்வேரின் பதிப்பு. பட்டியலில் 0000 முதல் 9999 வரை என்று போட்டால் எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும். அதே சிப் உள்ள வேறு பெட்டி நண்பரிடம் இருந்தால் அதன் எண்ணோடு ஒப்பிட்டு, பழுதுள்ள பதிப்பு வரை மட்டும் வரம்பு வையுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 9:00

பேட்ச்.

கோப்பு டிரைவர்ஸ்/யூஎஸ்பி/ஸ்டோரேஜ் அடைவில் அன்யூஷுவல்_யூஏஎஸ்.எச். முதலில் வெண்டர் எண், பிறகு பிராடக்ட் எண் என வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், உங்கள் வரியும் அதன் இடத்தில்தான் போக வேண்டும். கடைசியில் ஒட்டினால் திரும்பி வரும். அன்யூஷுவல்_டெவ் என்ற மேக்ரோவுக்குள் வெண்டர், பிராடக்ட், கீழ்ப் பதிப்பு, மேல் பதிப்பு, இரண்டு பெயர்ச்சரங்கள், சப்கிளாஸுக்கும் புரோட்டகாலுக்கும் ‘சாதனம் சொல்வதே’ என்ற இரண்டு மதிப்புகள், நல், கடைசியில் கொடி. உங்களுக்கு யூஎஸ்_எஃப்எல்_மேக்ஸ்_செக்டார்ஸ்_240. மேலே ஒரு கருத்து வரியில் புகாரளித்தவர் பெயரும் மின்னஞ்சலும்.

விளக்கத்தில் எழுத வேண்டியது: எந்தச் சிப், எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை மாட்டுகிறது, எந்த அளவு வரை ஓடுகிறது, எதில் உடைகிறது, எந்தக் கன்ட்ரோலர்களில் பார்த்தீர்கள். ‘என் டிஸ்க் உறைகிறது, இதனால் சரியானது’ என்று மட்டும் எழுதினால் பராமரிப்பவருக்கு அதை ஏற்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. கூடவே, பேட்ச் போட்ட கர்னலில் பெட்டியை மாட்டி, சிஸ்/கர்னல்/டிபக்/யூஎஸ்பி/டிவைசஸ் கோப்பில் அதற்கான பகுதி. சந்தேகம் வந்தால் யூஎஸ்பிமான் (யூஎஸ்பி பரிமாற்றத்தைப் பிடிக்கும் கருவி) பதிவு கேட்பார்கள். அதே டிபக் அடைவில் யூஎஸ்பிமானுக்குக் கீழ் பஸ் எண்ணோடு ‘யூ’ சேர்ந்த கோப்பு, உதாரணமாக 2யூ. பெட்டியை மாட்டுவதற்கு முன்பே அதைக் கேட் செய்து கோப்பில் பிடிக்கத் தொடங்குங்கள்.

செக்பேட்ச் ஓட்டுங்கள், கெட்_மெயின்டெய்னர் காட்டும் எல்லோருக்கும் அனுப்புங்கள். யூஏஎஸ் ஆலிவர் நியூகம் பார்ப்பது, யூஎஸ்பி-ஸ்டோரேஜ் ஆலன் ஸ்டெர்ன், யூஎஸ்பி மொத்தத்துக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன். மின்னஞ்சல் வெற்று உரையாகவே போகட்டும், டேப் எழுத்துகளை இடைவெளியாக்கும் வலை மெயிலில் ஒட்டினால் பேட்ச் பொருந்தாது. கிட் சென்ட்-ஈமெயில் பாதுகாப்பு. முதலில் உங்களுக்கே அனுப்பி, சேமித்து, கிட் ஏஎம் கொண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஸ்டேபிளுக்கு ‘சிசி’ வரி சேருங்கள். ஸ்டேபிள் விதிகள் புதிய சாதன ஐடியையும் குவர்க்கையும் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன, சுற்றுவரிகளோடு 100 வரிக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது ஏழெட்டு வரிதான். பைசெக்ட்டில் ஒரு கமிட் சிக்கியிருந்தால் 12 எழுத்து ஹேஷோடு ‘ஃபிக்ஸஸ்’ வரி. சிக்கவில்லையென்றால் ஊகமாக எதையும் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 9, மாலை 6:30

இடையில் ஒருவர் கேட்டது: பழைய பிசிஐ யூஎஸ்பி 3 கார்டில் எந்தப் பெட்டியை மாட்டினாலும் யூஏஎஸ் வருவதே இல்லை. லாகில் கன்ட்ரோலர் ஸ்ட்ரீமை ஆதரிக்கவில்லை, வேறு கன்ட்ரோலரை முயலுங்கள் என்று இருக்கும். அது கர்னல் அறிந்தே செய்வது. ஈட்ரான் ஈஜே168, ஃப்ரெஸ்கோ லாஜிக் எஃப்எல்1000 போன்ற கன்ட்ரோலர்களுக்கு எக்ஸ்எச்சிஐ (யூஎஸ்பி 3 கன்ட்ரோலரின் டிரைவர்) பக்கத்திலேயே ‘ஸ்ட்ரீம் உடைந்தது’ என்ற குறி உண்டு. பெட்டி மேல் பழி போட வேண்டாம், பெட்டிக்குக் குவர்க்கும் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 10, இரவு 10:45

என்விஎம்ஈ எஸ்எஸ்டி (யூஎஸ்பி இல்லாமல் பிசிஐஈ பஸ்ஸில் நேரடியாக இணைவது) காணாமல் போவது பற்றி இன்னொருவர் கேட்டதற்கும் இதே தர்க்கம். 2017-இல் 4.11-இல் ஏபிஎஸ்டி என்ற தானியங்கி மின்சேமிப்பு வந்தபின், சில டிரைவ்கள் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழாமல் பஸ்ஸிலிருந்தே காணாமல் போயின. என்விஎம்ஈ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0 என்று போட்டால் முழுவதும் அணையும். சோதனைக்குச் சரி, மடிக்கணினியில் அப்படியே விட்டால் பேட்டரி தின்னும். இயல்பு மதிப்பு 100000. ஒரேயடியாக 0 வைக்காமல், என்விஎம்ஈ ஐடி-கன்ட்ரோல் காட்டும் நிலைகளில் கடைசி நிலையின் நுழைவு, வெளியேற்ற நேரக் கூட்டுத்தொகைக்குச் சற்றுக் கீழே ஓர் எண் வையுங்கள். ஆழமான நிலை மட்டும் விலகும், மற்றவை இருக்கும்.

கர்னலில் அதற்கு எழுதிய விதிவிலக்கு எவ்வளவு குறுகலானது என்று பாருங்கள். சாம்சங் 960 ஈவோ, ஏசஸ் பிரைம் பி350எம்-ஏ அல்லது பிரைம் இசட்370-ஏ மதர்போர்டில் இருந்தால் மட்டும். டிரைவ் ஐடியும் டிஎம்ஐ (பயாஸ் தரும் வன்பொருள் விவரம்) சொல்லும் போர்டு பெயரும் இரண்டும் பொருந்த வேண்டும். அதே டிரைவ் வேறு போர்டில் உறங்கி எழும்போது அங்கே அதைத் தடுக்கக் காரணம் இல்லை.

பிப்ரவரி 11, காலை 7:05

பிழை காட்டும் டிரைவர் வேறு, பிழை செய்த குறியீடு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் 2008. 2.6.27 தயாராகிக்கொண்டிருந்தபோது இன்டெல் நெட்வொர்க் சிப்புகளில் (டிரைவர் ஈ1000ஈ) அமைப்புகளைச் சேமித்துவைக்கும் என்விஎம் நினைவகம் அழிந்து, கார்டே வேலைசெய்யாமல் போனது. எல்லோர் கண்ணும் ஈ1000ஈ மேல். உண்மையில் செய்தது டைனமிக் எஃப்டிரேஸ், கர்னலின் செயல்களைத் தடம் பார்க்கும் கருவி. துவக்கத்துக்குப் பின் விடுவிக்கப்பட்ட குறியீட்டின் முகவரிகளை அது நினைவில் வைத்திருந்து பிறகு திருத்தப் போனது. அதற்குள் அந்த முகவரிகளில் கார்டின் நினைவகம் மேப் ஆகியிருந்தது. பயன்படுத்திய கட்டளை கம்பேர்-எக்ஸ்சேஞ்ச். ஒப்பீடு தோற்றாலும் எக்ஸ்86 பழைய மதிப்பைத் திரும்ப எழுதும். சாதாரண ரேமில் அது தீங்கற்றது, சாதனத்தின் பதிவேட்டில் அப்படியல்ல.

2.6.27 அக்டோபர் 9-இல் வந்தது, அடுத்த 2.6.27.1-இலேயே டைனமிக் எஃப்டிரேஸ் அணைக்கப்பட்டது. ஈ1000ஈ பக்கமும் சும்மா இருக்கவில்லை, என்விஎம்முக்கு எழுத்துத் தடை போட்டார்கள். எங்கிருந்து தவறான எழுத்து வந்தாலும் இனி கார்டு சாகக்கூடாது என்ற எண்ணம், மிகச் சரியானது. இன்றும் சோதனைக் கர்னல் ஏற்றுமுன் ஈத்டூல் -ஈ வெளியீட்டைக் கோப்பில் எடுத்துவைப்பது நல்ல பழக்கம்.

பிப்ரவரி 13, இரவு 9:20

பழைய வரிகளை நீக்குவதும் பராமரிப்பில் பாதி. அன்யூஷுவல்_டெவ்ஸ்.எச் பட்டியலில் ஒரு வரியின் சப்கிளாஸ், புரோட்டகால் மதிப்புகள் சாதனம் தானே சொல்வதோடு ஒத்துப்போனால், அவை தேவையற்றவை என்று கர்னலே லாகில் எழுதி, அந்தச் செய்தியை அனுப்பிவைக்கச் சொல்லும். கண்டால் அனுப்புங்கள். ‘யூ’ போன்ற கொடிகளுக்கு அப்படித் தானியங்கி எச்சரிக்கை இல்லை. அவை பட்டியலில் இருப்பதன் அறிகுறி, ‘இந்தச் சாதனத்துக்கு யூஏஎஸ் தவிர்க்கப்படுகிறது’ என்ற ஒரு வரி மட்டும். உங்கள் பெட்டிக்கு அந்த வரி வருகிறது, நீங்கள் எதுவும் போடவில்லை என்றால், மேலே சொன்ன காலிக் கொடியோடு மாட்டி மூன்று ஓட்டமும் ஓட்டுங்கள். புது ஃபர்ம்வேரில் சரியாகியிருந்தால் பதிப்பு வரம்பைக் குறுக்கும் பேட்ச் அனுப்பலாம். முழு வரியையும் நீக்கக் கோராதீர்கள், பழைய பதிப்பு இன்னும் யாருடைய மேசையிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரி 14, காலை 8:00

கடைசியாக வந்த கேள்வி, பைக்கென்று தனிக் கர்னல் மரம் இருப்பதால் யாரிடம் புகார் செய்வது என்பது. முதலில் மாற்றம் இல்லாத மெயின்லைன் (மற்ற மரங்களுக்கெல்லாம் மூலமான) கர்னலை ஆர்ம்64 டெஃப்கான்ஃபிக்கோடு கட்டிப் பூட் செய்யுங்கள், பை 4 அதில் எழும். பிழை அங்கும் வந்தால் யூஎஸ்பி பட்டியலுக்கு, பையின் மரத்தில் மட்டும் வந்தால் அதன் பராமரிப்பாளர்களுக்கு. இவர் விஷயத்தில் மேசைக் கணினியிலும் விழுந்ததால் மெயின்லைனுக்கே போகலாம். பேட்ச் முதலில் யூஎஸ்பி மரத்தில் சேரும், பிறகு ஓர் ஆர்சியில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) மெயின்லைனுக்கு, மெயின்லைனுக்குப் போன பிறகே ஸ்டேபிளுக்கு, அங்கிருந்து பையின் மரத்துக்கு. அதுவரை சிஎம்டிலைனில் ‘ஜி’ இருக்கட்டும். புதிய கர்னல் வந்ததும் அதை எடுத்துவிட்டு மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபி 120 காட்டுகிறதா என்று பாருங்கள்.